கட்டைவிரல் பட்ட இடம்

தோல் விளிம்பு இன்னும் சொரசொரன்னுதான் இருக்கு. போதும்டான்னு தோள்பட்டை சொல்லுது, இல்லன்னு விரல் நுனி சொல்லுது. சரி, தண்ணி தொட்டுக்கோ, துணியை மடிச்சுக்கோ, தேய். பெரியமேட்டுல இந்தச் சந்துக்குள்ள வந்து உட்கார்ந்த நாள்லேர்ந்து தேய்க்கிறதுதானே பொழப்பு. பெல்ட்டு, பிஸ்டல் கவரு, மறுபடி பெல்ட்டு, மறுபடி பிஸ்டல் கவரு. எத்தனை பேர் இடுப்புல என் கைவேலை தொங்குது, எவன் என்ன செஞ்சான்னு ஒரு நாளாவது கேட்டிருப்பேனா, ராத்திரி போனா நிம்மதியாத் தூங்குவேன். இந்தக் கவர் மட்டும் ஏன் கையில நிக்க மாட்டேங்குது? மாப்ளைக்குத்தானே பண்ற தேவாசீரு, ஊரானுக்கா பண்ற, ஒழுங்கா மெழுகைப் போட்டு முடி. மாப்ள எட்வின் சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னுட்டார். எம்.எல்.ஏ. ஒருத்தருக்கு கன்மேன், பாதுகாப்புக்குக் கூடவே போற போலீஸ்காரர், நேரங்காலம் இல்லாத வேலை, பாவம், அதுவரைக்கும் காக்கி கேன்வாஸ் உறையில சொருகிக்கிட்டு அலையுறாரு. பாவமா? பாவம்னா சொன்னேன்? வாய்ல வருது பாரு. அதோ அலமாரி மேல பழசு கிடக்கு. அந்தப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு காலையிலயே முடிவு பண்ணிட்டேன், நாலு தடவை திரும்பிட்டேன். வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பார்க்குது. கல்யாணத்துக்கு நான் பண்ணிக் குடுத்த கவர் அது. மாமனார் மோதிரம் போடுவான், சங்கிலி போடுவான், நான் தோலைப் போட்டேன். ஆவாரம்பட்டையில பதம் போட்ட நல்ல முதுகுத் தோல், ரெண்டு ஊசி போட்டுக் கையாலயே தைச்சது. என் வீட்டுக்காரி கிருபாகூடச் சிரிச்சா, "ஏங்க, பொண்ணு கல்யாணத்துக்குத் துப்பாக்கி உறையா குடுப்பாங்க? யாராவது கேட்டாச் சிரிப்பாங்க." இப்போ யாருக்குச் சிரிப்பு வருது?

போன வாரம் அதைக் கொண்டு வந்து இந்தப் பலகை மேல வச்சிட்டு மாப்ள சொன்னது அப்படியே காதுல நிக்குது. "மாமா, பட்டன் நிக்க மாட்டேங்குது. வாயும் லூசாயிடுச்சு. என்ன தோல் போட்டீங்க? நான் இதைத் திறக்கிறதே இல்ல, எப்படி இப்படி ஆச்சு?" திறக்கிறதே இல்லையாம். யார்கிட்ட சொல்றாரு? என் தோலைப் பத்தி என்கிட்டயே. "பண்ணிடலாம் மாப்ள, புதுசாவே பண்ணிடலாம்"னு சொல்லிட்டு வாங்கி வச்சுக்கிட்டேன். அவர் போனதும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கன்மேன் இடுப்புல இருக்கிற துப்பாக்கி வெளிய வர்றதே அபூர்வம், சுத்தம் பண்ண எடுப்பாங்க, ஒப்படைக்க எடுப்பாங்க, அவ்வளவுதான். எத்தனை பேர் ரிட்டயர்டு ஆகிறப்போ கவரைக் கொண்டாந்து காட்டியிருக்காங்க, வெளிப்பக்கம் பஸ் சீட்டுல உரசி வெளுத்திருக்கும், உள்பக்கம் நான் தைச்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கும். இது தலைகீழ். வெளிப்பக்கம் புதுசு, உள்பக்கம் தேஞ்சு தேஞ்சு கண்ணாடி. எடுத்து, வச்சு, எடுத்து, வச்சு, ஒரு நாள் விடாம யாரோ எடுத்து வச்ச கவர் இது. டியூட்டியில எடுக்க முடியாது, எடுத்தா பேப்பர்ல வரும். அப்போ எங்க எடுக்கிறாரு? வீட்டுல. வீட்டுல யாரு இருக்கா? சலோமி இருக்கா. என் பொண்ணு மட்டும்தான் இருக்கா.

தேய், தேய், நின்னுடாத. நின்னா நினைப்பு ஓடுது. தேய்ச்சாலும்தான் ஓடுது. அந்த நாக்கு. பட்டன் வச்ச பட்டையோட நுனி, அதை நாக்குன்னுதான் சொல்லுவோம். கை கீழ இறங்கும்போதே கட்டைவிரல் மேலேர்ந்து நாக்கை இடிக்கும், பட்டுனு பட்டன் விடும், துப்பாக்கி கைக்கு வந்துடும். அதனால நாக்கோட மேல்பக்கம்தான் வியர்வை பட்டுக் கறுக்கணும். இதுல மேல்பக்கம் அப்படியே இருக்கு, அடிப்பக்கம் கறுத்துப் பளபளங்குது. அடியிலேர்ந்து மெதுவா நிமிண்டித் தூக்கின மாதிரி. பட்டன் சத்தம் போடாம இருக்கணும்னா அப்படித்தான் தூக்கணும். எதுக்குச் சத்தம் போடாம? அப்புறம் அந்தக் கறுப்புக்கு ஓரத்துல தையல் ஓட்டைக்குள்ள மஞ்சள். முதல்ல மெழுகுன்னு நினைச்சேன். ஊசியால நோண்டி மோந்து பார்த்தேன், மஞ்சத்தூள். குழம்பு மஞ்சள். ஆக, சாப்பிடும்போது. தட்டு ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். சோத்துல பிசைஞ்ச கையோட அதை நிமிண்டிக்கிட்டு, எதிர்ல நின்னு இன்னொரு கரண்டி போடட்டுமான்னு கேட்கிறவளைப் பார்த்துக்கிட்டு. ஐயோ, என் கண்ணுல இருந்து போக மாட்டேங்குது அந்தச் சாப்பாட்டு மேசை. நான் போயிருக்கேன் அந்த வீட்டுக்கு, மேசை மேல பிளாஸ்டிக் விரிப்பு, திராட்சைக் கொத்துப் படம் போட்டது. அந்தத் திராட்சை மேலதான் வைப்பாரு. துப்பாக்கி மூக்கு யாரைப் பார்த்து இருக்கும்? சலோமிப் பாப்பா அன்னைக்குப் போன்ல சிரிச்சுக்கிட்டேதானே சொன்னா, "அவரு வெளிய பூட்டிட்டுப் போறாருப்பா, காலம் கெட்டுக் கிடக்குதுல்ல, பாதுகாப்புக்குத்தான்." நானும் சிரிச்சேன். மாப்ள போலீசுல்ல, போலீசு புத்தி போகுமான்னு. எதுக்குடா சிரிச்ச? பொண்ணு சிரிச்சா அப்பனும் சிரிச்சுடணுமா?

கலீல் பாய் எட்டிப் பார்க்கிறான். எதிர்க்கடையில பக்கிள் விக்கிறவன், என் முகத்தைப் பார்த்தே வயித்து வலி எந்தப் பக்கம்னு சொல்லிடுவான். "என்ன தேவாசீரண்ணே, காலையிலேர்ந்து ஒரே கவரைத் தடவிக்கிட்டு இருக்கீங்க? பொண்ணு பார்க்கப் போறவன் கன்னத்தைத் தடவுற மாதிரி." போடா உன் வேலையைப் பார்த்துக்கிட்டுன்னேன். "மாப்ளைக்குன்னா சும்மாவா"ன்னு சிரிச்சிட்டுப் போறான். இவன்கிட்ட சொல்லலாமா? என்னன்னு சொல்றது? தோல் தேஞ்சிருக்கு பாய், அதனால என் பொண்ணைக் கொன்னுடுவானோன்னு பயமா இருக்குன்னா? கிறுக்கன்னுவான். கிருபாகிட்டயே சொல்லலையே. அவளுக்கு ஏற்கெனவே மாப்ளைன்னா உசுரு, மாப்ள குடிக்க மாட்டார், மாப்ள சத்தமாப் பேச மாட்டார், மாப்ள ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்கு வருவார். எல்லாம் நிஜம்தான். சத்தமாப் பேசாதவன்தான் எனக்குப் பயமா இருக்கு. அடிச்சிருந்தா தடம் இருக்கும், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். தடம் இருக்கிறது தோல்லதான், அதை எந்தப் பாஸ்டர்கிட்ட காட்டுறது, எந்த ஸ்டேஷன்ல காட்டுறது?

அதான் செஞ்சுட்டேன். துப்பாக்கியை எவனும் கடையில விட்டுட்டுப் போகக் கூடாது, அதனால எங்ககிட்ட மரத்துல செஞ்ச டம்மி இருக்கும், அளவு மாறாம அப்படியே. தைச்ச கவரை வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போட்டு, டம்மியை உள்ள திணிச்சு, வழவழன்னு சீவின எலும்புத் துண்டால அழுத்தி அழுத்தி உருவம் எடுத்து, அப்படியே காய விட்டுடணும். தோல் காயும்போது இறுகும், அதனால டம்மி மேல முதல்லயே பாலிதீன் கவரைச் சுத்திக்கணும், அந்த இடைவெளியிலதான் துப்பாக்கி வழுக்கிக்கிட்டு வரும். இந்தத் தடவை நான் பாலிதீன் சுத்தல. மறந்து போகல. எடுத்தேன், கையில வச்சிருந்தேன், திரும்ப ஆணியில மாட்டிட்டேன். வெறும் மரத்து மேலயே இறுகட்டும்னு விட்டுட்டேன். இப்போ இந்தக் கவருக்குள்ள போற துப்பாக்கி லேசுல வராது. ஒரு கையால வராது. கவரை ஒரு கை பிடிக்கணும், துப்பாக்கியை ஒரு கை இழுக்கணும், இழுக்கிறதுக்குள்ள கோபம் தணியும், தணியாட்டியும் பாப்பா ஓடிடலாம். ஓடிடலாமா? எங்க ஓடுறது, வெளிய பூட்டு. பூட்டுறது அவர் வெளிய போகும்போதுதானே, அவர் வீட்டுல இருக்கும்போது திறந்துதானே இருக்கும். இருக்குமா? கேட்கலையே. கேட்க வேண்டியது எதையும் நான் கேட்கலையே.

சரி, இறுக்கியாச்சு. அப்புறம்? எம்.எல்.ஏ. கூட்டத்துக்குப் போவாரு. மாலை, துண்டு, தள்ளுமுள்ளு. அரிவாளோட ஒருத்தன் வர்றான். மாப்ள கை இடுப்புக்குப் போகுது. நான் தேய்ச்ச விளிம்பு, நான் தைச்ச தையல், இழுக்கிறாரு, வரல. மாமா செஞ்சு குடுத்த கவர்னு நம்பி இழுக்கிறாரு. அந்த ஒரு நிமிஷம் அவர் முகம் எப்படி இருக்கும்? என்ன தோல் போட்டீங்க மாமான்னு கேட்கிற அதே முகம். அப்புறம் கொண்டு வருவாங்க சவப்பெட்டியை, பாப்பா பக்கத்துல உட்கார்ந்திருப்பா, நான் எங்க நிப்பேன், எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஜெபத்துக்குத் தலையைக் குனிவேன்? கொலைதானே அது. ஊசியும் நூலும் வச்சுப் பண்ணின கொலை. வேண்டாம். கொஞ்சம் தளர்த்திடலாம். உள்ள கொஞ்சம் எண்ணெய் தடவி நாலு தடவை டம்மியைப் போட்டு எடுத்தா விட்டுக் குடுக்கும். விட்டுக் குடுத்தா? திராட்சை போட்ட மேசை. நிமிண்டுற விரல். மஞ்சள். இறுக்கினா அவரு, தளர்த்தினா அவ. எந்தப் பக்கம் புரட்டினாலும் யாரோ ஒருத்தர் தரையில கிடக்கிறாங்க. கர்த்தாவே, ஒரு சாதாரண பெல்ட்டு ஆர்டரைக் குடுத்திருக்கக் கூடாதா எனக்கு?

மெழுகு கட்டி எங்க போச்சு? கத்திரிக்கோலுக்கு அடியில. இந்தக் கத்திரிக்கோல், கைப்பிடியில சிவப்புத் துணி சுத்தினது, பாப்பாவோடது. ஸ்கூல் விட்டா நேரா இங்கதான் வரும், மீதித் தோல்ல பூ வெட்டும், மாடு வெட்டும். பீச்சாங்கைக்காரி. என் கத்திரிக்கோல் அவளுக்கு ஒத்து வராதுன்னு மூர் மார்க்கெட் பக்கம் தேடித் தேடி இதை வாங்கியாந்தேன். டீச்சரம்மா ஸ்கேலால அடிச்சு அடிச்சு எழுத்தைச் சோத்துக்கைக்கு மாத்தினாங்க, கிருபா திட்டித் திட்டிச் சாப்பாட்டை மாத்தினா. மத்தது எதுவும் மாறல. வெங்காயம் நறுக்கினா பீச்சாங்கை, துடைப்பம் பிடிச்சா பீச்சாங்கை. கல்யாணத்தன்னைக்கு மோதிரம் போடும்போதும் அந்தக் கைதான் முதல்ல நீண்டுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, மாப்ள மட்டும் சிரிக்காம மெதுவா அந்தக் கையை இறக்கி விட்டு மறு கையை எடுத்துக்கிட்டாரு. பொறுமையான பையன்னு எனக்குத் தோணுச்சு. இப்போ அந்தக் கையை இறக்கி விட்டது மட்டும்தான் ஞாபகத்துல நிக்குது.

போன் அடிக்குது. கிருபா. "ஏங்க, மாப்ள வர்றாருன்னீங்களே, கூட பாப்பாவும் வருதா? வஞ்சிரம் வாங்கட்டுமா, இல்ல சங்கராவே போதுமா?" எனக்கு என்னடி தெரியும், வந்தாத்தானே தெரியும்னு எரிஞ்சு விழுந்தேன். "என்னங்க ஆச்சு உங்களுக்கு, ரெண்டு நாளா கடிச்சுக் கடிச்சுப் பேசுறீங்க"ன்னு வச்சுட்டா. அவளைத் திட்டி என்ன ஆகப் போகுது. மெழுகைத் தேய்ச்சேன். விளிம்பு கறுத்து மினுக்குது, தைச்ச மூணு அடுக்கும் ஒரே அடுக்கு மாதிரி சேர்ந்துடுச்சு. நல்லாத்தான் வந்திருக்கு. இவ்வளவு நல்லா வந்ததைப் பார்த்தா அழுகையா வருது எனக்கு.

வாசல்ல நிழல் விழுந்துச்சு. மாப்ளைன்னு எழுந்தா, பாப்பா. தனியா. சுடிதார்ல மாவுக் கறை, சமைச்ச கையோட கிளம்பி வந்திருக்கா. "அவரு சந்து முனையில வண்டியில இருக்காருப்பா. நிறுத்த இடமில்லையாம், நீ போய் வாங்கிட்டு வந்துடுன்னாரு." இளைச்சுட்டா. கழுத்தெலும்பு தெரியுது. ஏன்மா சாப்பிடுறியான்னு கேட்டேன். "சாப்பிடுறேன்ப்பா." தண்ணி குடிக்கிறியா? "இல்லப்பா, அவரு நிக்கிறாரு." முனையில ஹாரன் ஒரு தடவை அடிச்சுது, அடிச்சவுடனே அவ தோள் தூக்கி இறங்குச்சு. நான் பார்த்தேன். "ஆயிடுச்சா?"ன்னு பலகை மேல இருந்த கவரை எடுத்தா. எடுத்து, டம்மியை உள்ள தள்ளி, பட்டன் போட்டா. சரியா இருக்கான்னு சோதிச்சுப் பார்க்கிறா, கடைக்காரன் பொண்ணு இல்லையா. அப்புறம் திறந்தா. பீச்சாங்கைக் கட்டைவிரல் நாக்குக்கு அடியில போச்சு, மெதுவா நிமிண்டித் தூக்குச்சு, பட்டன் சத்தமே போடல. அந்த விரலுக்கு யோசனையே இல்ல, தலை சீவுற மாதிரி, அடுப்பை அணைக்கிற மாதிரி. நகக்கண்ணுல மஞ்சள். அவ இழுத்தா, டம்மி வரல. "ரொம்ப இறுக்கமா இருக்கேப்பா"ன்னா. நிமிர்ந்து என்னைப் பார்த்தா. என் கண்ணு அவ கட்டைவிரல் மேல இருந்துச்சு. சட்டுனு விரலை மடக்கிக்கிட்டா.

அலமாரி மேல பழசு இருந்துச்சு, அவளும் பார்த்தா. நான் இத்தனை நாள் அந்த மேசையில தப்பான ஆளை உட்கார வச்சிருக்கேன். திறக்கிறதே இல்ல மாமான்னாரே, அவர் சொன்னது நிஜம். துப்பாக்கியை எப்போம்மா எடுப்பன்னு கேட்டேன். குரல் என்னோடது மாதிரியே இல்ல. அவ கத்திரிக்கோலோட சிவப்புத் துணியைத் தடவிக்கிட்டே சொன்னா, "காலையில அவரு குளிக்கப் போவாருல்ல. குழம்பைக் கொதிக்க விட்டுட்டு எடுப்பேன். சும்மா கையில வச்சிருப்பேன். கனமா இருக்கும். தண்ணிச் சத்தம் நின்னதும் திரும்ப வச்சிடுவேன்." தினமுமா? தலையாட்டினா. அடிக்கிறாரா? "இல்லப்பா. ஒண்ணுமே பண்ண மாட்டாரு. ஜன்னல்ல நின்னா ஏன் நின்னன்னு கேட்பாரு. உன்கிட்ட பேசினா என்ன பேசினன்னு கேட்பாரு. கேட்டுக்கிட்டே இருப்பாரு. அவ்வளவுதான்." கேட்கக் கூடாது, கேட்காமலும் இருக்க முடியாது. யாருக்காகம்மா எடுப்ப, அவருக்கா, உனக்கா? நிஜமாவே யோசிச்சா, கணக்குப் பாடத்துக்கு விடை தேடுற மாதிரி. "அதுதான்ப்பா இன்னும் தெரியல."

ஹாரன் மறுபடி அடிச்சுது, இந்தத் தடவை நீளமா. அவ ரெண்டு கையாலயும் டம்மியைப் பிடுங்கி வச்சிட்டு, கவரைப் பையில போடப் போனா. நான் அவ கையிலேர்ந்து பிடுங்கிட்டேன். மெழுகு போட்டு முடிச்ச கவரை எந்தக் கிறுக்கனும் தண்ணியில போட மாட்டான், சாயம் இறங்கிடும், உருவம் போயிடும், எல்லாம் முதல்லேர்ந்து பண்ணணும். ஊற வைக்கிற பேசின் காலடியிலயே இருந்துச்சு. போட்டேன். "அப்பா! என்னப்பா பண்ற? ஐயோ, அவரு நிக்கிறாரு." இன்னும் முடியலன்னு சொல்லிடும்மா. ஈரமா இருக்கு, காயணும். காய்ஞ்சாத்தான் தர முடியும். "எவ்வளவு நாள்ப்பா ஆகும்?" ஆகும். எவ்வளவு ஆகுமோ அவ்வளவும் ஆகட்டும், அதுவரைக்கும் நீ இங்கதான் இருப்ப. "அவரு விட மாட்டாருப்பா." அவரு வரட்டும், வந்து என்கிட்ட கேட்கட்டும், எத்தனை கேள்வி இருக்கோ அத்தனையும் என்கிட்ட கேட்கட்டும். சத்தமாத்தான் சொன்னேன், கலீல் பாய் கடையை விட்டு இறங்கி சந்துல வந்து நிக்கிறான். பாப்பா என் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டா. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு அழுறா, சத்தமே வரல, அதையும் பழகி வச்சிருக்கா. நான் ஒரு கையால போனை எடுத்துக் கிருபாவைக் கூப்பிட்டேன். வஞ்சிரமே வாங்கு, பாப்பா வந்திருக்கா, இருப்பான்னேன். "மாப்ள?"ன்னா. மாப்ள இல்லன்னேன். சந்து முனையில வண்டியை அணைச்ச சத்தம் கேட்குது, பூட்ஸ் நடந்து வருது. பேசின்ல கவர் மெழுகோட வழவழன்னு மேல மேல மிதந்து வருது. அது முங்குற வரைக்கும் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.